தங்க மூடி போட்ட பிக்கப்

அலமாரிக் கதவாக இருந்து, வீட்டிலேயே அறுத்து இழைத்து எலெக்ட்ரிக் கிதாராக்கப்பட்ட ஒன்றுக்கு அன்று தலைகால் புரியவில்லை. கம்பிகள் துடிப்பதைக் கேட்டு ஸ்பீக்கருக்குச் சொல்லும் வேலைக்குப் புது பிக்கப் வந்திருந்தது. தங்க மூடி வேறு!

"இந்தக் கிழட்டு பிக்கப் எப்பப் பாரு இரையுது. புதுசை இப்பவே பக்கத்துக் குழியில உட்கார வை" என்று திருப்புளியை நச்சரித்தது கிதார்.

"ஈயம் வச்சு வயரை ஒட்டணுமே?" என்றது திருப்புளி.

"அதெல்லாம் அப்புறம். நீ திருகு!"

திருகி முடித்ததும் கிதார் ஆறு கம்பிகளையும் ஒருசேரச் சுண்டியது. அவ்வளவுதான், ஒரே குதியாட்டம்!

"அடடா, நெய்யில முக்கி எடுத்த மாதிரி இருக்கே! எனக்குள்ள இருந்த கதவுக் கிரீச் சத்தம் போயே போச்சு! ஏய் கிழடு, கேட்டியா?"

 பழைய பிக்கப்புக்கு வேலை இருந்தது.

"இனி இது எதுக்கு? வயரோட பிடுங்கிப் போடு!"

திருப்புளி பிடுங்கிப் போட்டது. கிதார் மறுபடி சுண்டியது. ஸ்பீக்கர் கம்மென்று இருந்தது.

"ஏன் பாடலை?"

புதுசு நெளிந்தது. "நான் எப்பங்க பாடினேன்? எனக்குத்தான் வயரே ஒட்டலையே. நீங்க அவ்வளவு புகழ்ந்தீங்க, இல்லைன்னு சொல்ல மனசு வரலை."

 கிதார் முன்னைவிட உயரமாகக் குதித்தது.

"பாத்தியா திருப்புளி! துளி இரைச்சல் இருக்கா?"