தங்கச்சி வீட்டுக் குழம்பு

"த்தூ! குழம்பா இது? துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கு!"

சங்கையா கும்பாவைத் தள்ளிவிட்டார்.

"ஆமா, இதுக்கு முன்னால ஆணி நக்கிப் பழக்கமாக்கும்!" என்றாள் முத்துத்தாய். வாய்தான் எகிறியதே தவிர, கை கும்பாவை மறுபடி அவர் பக்கம் நகர்த்தி வைத்தது.

புற்றுநோய்க்கு மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து மனுசனுக்கு வாய் ருசியே மாறிப்போச்சு. "ஊசி அப்படித்தான் பண்ணும். அதுக்காகச் சாப்பிடாம உடம்பு இளைச்சா அடுத்த ஊசி போட முடியாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வேற என்னதான் எறங்கும்? வாயத் தெறந்து சொல்லுங்க."

"ஒந்தங்கச்சி சந்தனம் வைக்கிற மொச்சைக் குழம்புன்னா ரெண்டு வாய் எறங்கும்."

முத்துத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தனம்மாள் அடுத்த தெருதான். ஆனால் மகன் காதுகுத்துக்குக் கூடப்பிறந்த அக்காவை நேரில் வந்து அழைக்காமல், ஆள் விட்டுச் சொன்ன மகராசி. அன்றைக்கு அறுந்த பேச்சு. ஒருத்தி வீட்டில் இன்னொருத்தி கை நனைத்து வருசக்கணக்காச்சு.

"சீக்குல கெடந்தும் நாக்கு கேக்குது பாரு, கொழுந்தியா கைக் கொழம்ப!"

என்ன செய்ய, மனுசன் பிழைக்கணுமே! ரோசத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தூக்குச்சட்டியோடு போய் நின்றாள்.

"ஒங்க மச்சானுக்கு..." என்று ஆரம்பித்ததுமே சந்தனம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். இவளும் அழுதாள். ரெண்டு பேரும் அழுது முடித்து அடுப்பைப் பற்றவைக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

சங்கையா சட்டியை வழித்துத் தின்றார். "கைப்பக்குவம்னா இதுல்ல!"

அதிலிருந்து தினமும் அங்கேயிருந்துதான் குழம்பு. வாங்கப் போனவள் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுச் சாவகாசமாகத்தான் திரும்புவாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு புகைச்சல். இத்தனை வருசம் பொங்கிப் போட்டவள் நான், பேரு அவளுக்கா?

ஒருநாள் சந்தனம் விசேஷத்துக்கு நரிக்குடி போயிருந்தாள். இதுதான் சமயமென்று முத்துத்தாய் தானே குழம்பு வைத்து, அதே தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

ஒரு வாய் வைத்தவர், "அடடா! சந்தனம் சந்தனந்தான்!" என்றார்.

"மாட்டிக்கிட்டீகளா? இது நான் வச்ச கொழம்பு! அப்ப எதுக்கு என்னைய அவ வாசல்ல போயி நிக்க வச்சீக?"

சங்கையா சட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"யாரு வச்சாலும் எனக்கு ஒண்ணுதான் புள்ள. கண்ண மூடிக்கிட்டு முழுங்குறதுதான். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, ஒன்னையக் கட்டிக்கிட்டு அழ ஒரு கூடப்பிறந்தவ வேணும்ல?"