சிவப்புப் பட்டன்

"கதவத் திற, பரீஹா! திறக்கலேன்னா உடைச்சிருவேன்!"

இரும்பு ஏணியின் உச்சியில் நின்று அந்த ஆள் சுத்தியலால் கதவை அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் மாடி அறையின் தகரச் சுவர் அதிர்ந்தது.

கீழே சந்தில் சபாவும் ஆறு பெண்களும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். கைகளில் பூரிக்கட்டை, துணி துவைக்கும் மட்டை. சைனப் மட்டும் கடை ஷட்டர் இழுக்கும் இரும்புக் கொக்கியோடு வந்திருந்தாள்.

"இவன்தான்," என்றாள் சபா. "இழுங்க கீழ."

சபாவுக்கு கோடிங் தெரியாது; மாதுங்காவில் ஓர் ஆபீஸில் டைப்பிங் வேலை. எதிர் வீட்டுக்காரன் பெண்டாட்டியின் தாடையை உடைத்த மறுநாள், யூடியூப் பார்த்து, கம்ப்யூட்டர் திரையில் ரெடிமேட் பெட்டிகளை இழுத்து ஒட்டி ஒரே வாரத்தில் அந்த ஆப்பைச் செய்து முடித்தாள். அடி விழுந்தால் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். பெயரும் முகவரியும் சுற்றியுள்ள பெண்கள் எல்லாருடைய போனிலும் அலறும்.

தாராவியில் நாற்பது பேர் இருந்தவரை மூன்றே நிமிடத்தில் வாசலில் நிற்பார்கள். யார் புருஷன் எவன் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆறே மாதத்தில் செம்பூர், கோவண்டி என்று மூவாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். சபாவுக்கு இப்போது பெயர்கள்தான் தெரியும், முகங்கள் தெரியாது.

ஆப்பும் திணறியது. அதை ஓட்டும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து போன வாரம் மெயில் வந்திருந்தது. இந்த மாதத்துக்கான செய்தி அளவு முடியப்போகிறது, அதற்கு மேல் வருபவை அவர்கள் ஊரில் ஒன்றாம் தேதி பிறக்கும்வரை வரிசையில் நிற்கும் என்று. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம் என்று விட்டிருந்தாள்.

நேற்று ஒரு போன்கூட அலறவில்லை. "நம்ம அடிக்குப் பயந்துட்டானுவ," என்று சைனப் சிரித்தாள். இன்று ஒன்றாம் தேதி, காலை ஒன்பதரைக்கு ஒரே மூச்சில் ஏழு அலறல். கூட்டம் கூட்டமாகப் பிரிந்து ஓடியதில் பரீஹாவின் சந்து சபாவின் கூட்டத்துக்கு வந்தது.

சைனப் நான்கு படி ஏறி, கொக்கியை அவன் கணுக்காலில் மாட்டி இழுத்தாள். முகம் ஏணிக் கம்பியில் மோத, அவன் உருண்டு வந்து சந்தில் விழுந்தான். விழுந்த வேகத்தில் சுத்தியலை வீசினான். அது சபாவின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

"யாருடி நீங்கல்லாம்? ராஹில்! ஏய் ராஹில்!" என்று மேலே பார்த்துக் கத்தினான்.

"கூட்டாளிய வேற கூப்பிடுதான் பாரு!"

துணி மட்டை அவன் வாயில் இறங்கியது. பல் ஒன்று தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. பூரிக்கட்டைகள் முதுகிலும் முட்டியிலும் மாறி மாறி விழுந்தன.

"அரே, சுனோ... நான் சொல்றதக் கேளுங்க..."

"அவ கத்தினப்ப நீ கேட்டியால?" சபா அவன் வலது கையை மிதித்தாள். உள்ளே ஏதோ மளுக்கென்று முறிந்தது.

புருவத்து ரத்தம் கண்ணில் இறங்கியும் அவள் காலை எடுக்கவில்லை. வாழ்நாளில் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. இன்று நிறுத்த மனம் வரவில்லை. அவன் அசைவு நின்று, மூச்சு மட்டும் கரகரவென்று வந்தபோதுதான் சைனப் அவளைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் பிள்ள. செத்துரப் போறான். மேல போயி அந்தப் புள்ளையப் பாரு."

துப்பட்டாவால் ரத்தத்தைத் துடைத்தபடி சபா ஏணியில் ஏறினாள். நசுங்கிக் கிடந்த கதவை மெதுவாகத் தட்டினாள்.

"பரீஹா, நான் சபா. ஆப்ல பார்த்து வந்திருக்கோம். அவன் இனி எந்திரிக்க மாட்டான். திறம்மா."

தாழ்ப்பாள் விலகியது. இருபது வயதுகூட இருக்காது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பிளந்த உதட்டில் ரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது. தலைக்குக் குளித்து, வேறு துணி உடுத்தியிருந்தாள்.

சபாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. எட்டிக் கீழே பார்த்தாள்.

"யா அல்லாஹ்... அவர ஏன்க்கா அடிச்சீங்க? அவரு என் வீட்டுக்காரரோட அண்ணன். தம்பி ராஹில் ராத்திரி பட்டறைக்கு வரலேன்னு தேடி வந்திருக்காரு."

கீழே சைனப்பின் கொக்கி கல்லில் விழும் சத்தம் கேட்டது.

"அப்ப உன் வீட்டுக்காரன் எங்க? ஓடிட்டானா?"

பரீஹா கதவை விட்டு ஒதுங்கினாள்.

உள்ளே தரையில் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. தலைப்பக்கம் போர்வை ஊறிக் காய்ந்து கறுத்திருந்தது, ஈ மொய்த்தது. பக்கத்தில் அம்மிக்குழவி கிடந்தது.

"நேத்துக் காலையிலயே அழுத்தினேன்க்கா... சாயங்காலம் வரைக்கும் யாரும் வரல."