ஆமீனுக்குப் பிறகு

ஆமீன் சொல்லி எல்லோரும் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை வழித்துக்கொண்டார்கள். ஜாங்கிரின் கைகள் மட்டும் கன்னத்துக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டன.

அவன் அம்மா ரௌஷன் அதைப் பார்த்தாள். வேறு யார் பார்த்தார்கள் என்றும் பார்த்தாள்.

எதிர்வீட்டுக் கூல்யா குதிரை இறைச்சியில் மும்முரமாக இருந்தாள். நல்லவேளை.

திங்கட்கிழமை அக்தோபே விமானப்படைக் கல்லூரியில் ஜாங்கிருக்கு மருத்துவச் சோதனை. தேறினால் போர்விமானம் ஓட்டப் படிக்கலாம். அதற்குத்தான் இந்த விருந்து.

இரண்டு வாரம் முன்பு அவன் பெரியப்பாவின் குதிரைகளைப் பார்க்கப் போனதாகத் தெருவே நம்புகிறது. போனது அல்மாத்திக்கு. லேசர் வைத்து மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வந்தான். விழிமேல் அறுத்து மூடிய படலம் அழுத்தினால் விலகிவிடும், ஒரு மாதம் கண்ணில் கை படக் கூடாது என்றிருந்தார் டாக்டர்.

சோதனைப் படிவத்தில் 'அறுவை சிகிச்சை இல்லை' என்று ரௌஷனே எழுதினாள். கண்ணில் கத்தி பட்டவனை வாசலோடு திருப்பி அனுப்புவார்கள் என்று கூல்யா சொல்லியிருந்தாள். கூல்யா சொன்னால் கெஜட்டில் வந்த மாதிரி.

ஆசி சொன்னவர் கர்னல் செரிக்பாய். சோதனைக் குழுவில் உட்காருகிறவர். பெரிய விருந்தாளிக்கென்றே வைக்கும் ஆட்டுத்தலை சும்மா அவர் முன்னால் போய் உட்காரவில்லை.

"என்னடா மாப்ளே, என் ஆசிய காத்துல விட்டுட்ட? நல்லா அழுத்தி வழிடா!"

பந்தியே திரும்பியது. ஜாங்கிர் அம்மாவைப் பார்த்தான். செய் என்று கண்ணைக் காட்டினாள்.

மறைக்க ஒன்றும் இல்லாதவன் எப்படி வழிப்பானோ அப்படி வழித்தான், நெற்றியிலிருந்து தாடைவரை.

வலக்கண்ணில் நீர் கொட்டியது.

"பாசக்காரப் புள்ள, ஊரத் தாண்டல, அதுக்குள்ள அழுவுறான் பாரு" என்றாள் கூல்யா.

கர்னல் சிரித்தார். "நீ தயங்கினதும் எங்கக்கா பையன் நெனப்பு வந்துச்சுடா. லேசர் வெச்சுக்கிட்டு அவனும் மூஞ்சியத் தொடவே மாட்டான். படிவத்துல உள்ளத எழுதிக் குடுத்துட்டு ஆறு மாசம் பொறுத்தான், இப்ப ஜம்முனு ஓட்டறான். வெச்சா எடுக்க மாட்டாங்கன்னு எவன் கெளப்பி விட்டானோ!"

கூல்யா எலும்பிலிருந்த மஜ்ஜையைச் சத்தமாக உறிஞ்சினாள்.

ரௌஷன் கிண்ணத்தில் பாதி தேநீர் ஊற்றி மகனிடம் நீட்டினாள். அவன் விரல்கள் கிண்ணத்துக்கு வந்து சேரும் முன்பே காற்றைப் பிடித்து மூடிக்கொண்டன.

யாரும் பார்ப்பதற்குள், அவன் கை இருந்த இடத்துக்குக் கிண்ணத்தை நகர்த்தினாள்.