குனிந்தால் சிரிப்பாள்

பக்கத்து வீட்டு மருதமுத்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாரோங் துணியில் கட்டிய தொட்டிலுக்கு முன்னால் தம்பிராஜா குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையில் ஒட்டி, இடுப்பை மடக்கிக் குனிந்து நின்றான். தொட்டிலில் கிடந்தது அவன் பெற்ற நாலு மாதக் கைக்குழந்தை விஜயா.

"என்னப்பா, ஜப்பான் செண்ட்ரிக்குக் குனிஞ்சு குனிஞ்சு இப்ப சொந்தப் புள்ளைக்கே குனிய ஆரம்பிச்சிட்டியா?"

"சிரிக்கிறா மாமா."

"ஊரே சிரிக்கும். ஆம்பளை செய்யுற வேலையா இது? மானம் ரோஷம் எல்லாத்தையும் ஜப்பான்காரன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டியே."

தம்பிராஜா இன்னொரு தரம் குனிந்தான். அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

பிறந்ததிலிருந்து அப்பன் தூக்கினாலே வீல் என்று கத்துவாள் விஜயா. மீசைதான் பயமுறுத்துகிறது என்றாள் மனைவி பூங்காவனம். ஆசை ஆசையாய் வளர்த்த மீசையை மழித்தான். யாரோ புது ஆள் வந்துவிட்டான் என்று அவள் இன்னும் கூடுதலாகக் கத்தினாள். தாலாட்டுப் பாடிப் பார்த்தான். தெருநாய் கூடச் சேர்ந்து பாடியதுதான் மிச்சம்.

போன வாரம் காஜா பெராங் முக்குக் காவலில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் குனிந்து வணங்க வைக்கும் செண்ட்ரி, சரியாகக் குனியவில்லை என்று அவனுக்கு ஒரு அறை விட்டான். அப்புறம் முதுகில் கையை வைத்து அழுத்தினான்.

"மோ சுகோஷி! மோ சுகோஷி!"

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் அந்த வார்த்தை தெரியாத முதுகே கிடையாது.

வீங்கின கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவன், மறுபடி அடி வாங்கக் கூடாதென்று குனிந்து பழகினான். வீட்டில் காலியாக இருந்த இடம் தொட்டிலுக்கு முன்னால்தான். தலை கீழே போயிற்று, மேலே வந்தது. விஜயா கெக்கே கெக்கே என்று சிரித்தாள்.

அவன் முகத்தைப் பார்த்து முதன்முதலாய் அவள் சிரித்த சிரிப்பு அது. வாங்கின அறையே அவனுக்கு மறந்து போனது. அன்றிலிருந்து காலையும் மாலையும் தொட்டிலுக்கு மரியாதைதான்.

மருதமுத்து எட்டிப் பார்த்த மறுநாள் பூங்காவனம் மலேரியாவில் படுத்தாள். பால் வற்றிவிட்டது. பண்டார் ஹிலிரில் அவள் அக்கா சீதா பால்குடிப் பிள்ளைக்காரி. அங்கே தூக்கிப் போவதுதான் வழி. போகிற வழியில்தான் காஜா பெராங் முக்குக் காவல்.

"குனியணுமே" என்றாள் பூங்காவனம் போர்வைக்குள்ளிருந்து.

"குனிஞ்சா சிரிப்பா."

"சிரிச்சா?"

இரண்டு பேருக்கும் கணேசமூர்த்தி ஞாபகம் வந்தது. செண்ட்ரி முன்னால் சிரித்துத் தொலைத்த பாவத்துக்கு, தலைக்கு மேலே கல்லைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் மயங்கி விழுகிறவரை நின்ற மனுஷன்.

ஆனாலும் பிள்ளை பசியில் கிடக்கிறதே. சாரோங்கைத் தோளில் கட்டி, அவளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிளம்பினான்.

"கண்ணு, இத்தனை நாளா அழாதே அழாதேன்னு கெஞ்சினேன். இன்னைக்கு ஒரு நாள் அழுதுடும்மா."

அதுவரை பசியில் சிணுங்கிக்கொண்டு வந்தவள், காவல் தெரிந்ததும் பொக்கை வாயைத் திறந்து அப்பனைப் பார்த்தாள். துண்டால் அவள் முகத்தை மூடினான். இது புது விளையாட்டு என்று இழுத்துப் போட்டாள்.

சாலையில் வேறு ஆளில்லை. அதே செண்ட்ரிதான். தம்பிராஜா பட்டும் படாமல் தலையை ஆட்டினான்.

"மோ சுகோஷி!"

வேறு வழியில்லை. குனிந்தான். அப்பன் முகம் கிட்டே வந்து மேலே போனதுதான் தாமதம், விஜயா அடிவயிற்றிலிருந்து சிரித்தாள்.

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. தம்பிராஜா குழந்தையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டினான். "அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்கய்யா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அறை விழவில்லை. ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தான்.

செண்ட்ரி சாலையின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்து வைத்தான். இரண்டு கையையும் சேர்த்துத் தாலாட்டுவது போல ஆட்டினான். கடலுக்கு அப்பால் கையைக் காட்டினான். அப்புறம் தன் கண்ணைத் தொட்டு, இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவனுக்கும் ஒன்று பிறந்திருக்கிறது. இன்னும் பார்க்கவில்லை. தம்பிராஜாவுக்கு அது புரிய ஜப்பான் பாஷை தேவைப்படவில்லை.

செண்ட்ரி தொப்பியைக் கழற்றினான். குதிகாலைச் சேர்த்து விஜயாவுக்கு முன்னால் குனிந்தான். மருதமுத்து மட்டும் பார்த்திருந்தால் வேலியோடு சாய்ந்திருப்பார்.

விஜயா முறைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். இதோ அழப் போகிறாள்.

செண்ட்ரியின் முகம் வாடிப் போயிற்று. அந்த முகம் தம்பிராஜாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம். இத்தனை மாதமாய்க் கண்ணாடியில் பார்த்தது அதைத்தான். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

தன்னை அறைந்தவனின் முதுகில் கையை வைத்து, மெதுவாக அழுத்தினான்.

"மோ சுகோஷி."