சுவிட்சில் கட்டிய பெயர்

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் மதியம். நெய்வேலி வெயில் வார்டு ஜன்னல் வழியே கட்டில் வரை வந்து கிடக்கிறது. குவார்ட்டர்ஸிலிருந்து விஜயகுமாரி தூக்கிவந்த டேபிள் ஃபேன் ஓடாமல் நிற்கிறது. ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் தன் மணிக்கட்டில் மாட்டிய பெயர்ப்பட்டையை அறுத்து, ஃபேன் சுவிட்சில் கட்டிவைத்துக் காவல் இருக்கிறார் அவள் கணவர் தணிகாசலம். மைன்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கன்வேயர் பெல்ட் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கே பெல்ட்டுக்குள் வேலைக்கு இறங்குகிறவன் தன் பெயர் அட்டையைச் சுவிட்சில் கட்டிவிட்டுப் போவான். அவனே வந்து அவிழ்க்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. "வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்குக் குடுக்கற மயக்கம் ரொம்ப ஆழமாப் போயிட்டா மூளை தெளிய நாளாகும்மா. சிலருக்கு முழுசாத் தெளியாமலும் போறதுண்டு" என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தணிகாசலத்தின் கழுத்துக் குழியில் வியர்வை தேங்குகிறது. விஜயகுமாரி சுவிட்சுக்குக் கை நீட்டுகிறாள். வற்றிய விரல்கள் அவள் கையை இறுக்கிப் பிடிக்கின்றன. "போடாதீங்கம்மா, உள்ள ஆள் இருக்கு." "யாருங்க உள்ள இருக்கறது?" அவர் பட்டையைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். "தணிகாசலம். இன்னும் வெளிய வரல." அவள் பட்டையைத் தொடவில்லை. எக்ஸ்ரே கவரை எடுத்து அவருக்கு விசிறத் தொடங்குகிறாள்.