ஐந்தரை மணி மீட்டர்

பாய்லர்காரர் செத்துக்கொண்டிருந்தார், அதையும் நோட்டில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பது: நாடித்துடிப்பு 146. உட்கார்ந்திருந்தது சாய்வு நாற்காலியில், செய்துகொண்டிருந்த வேலை கால் ஆட்டுவது.

முப்பத்தெட்டு வருஷம் ஆலை பாய்லரின் மீட்டரைப் பார்த்தே தலை நரைத்தவர். மூன்று மாதம் முன்பு ஓய்வு பெற்றதும், வீட்டில் பால் பொங்கும் நேரத்தைக்கூடக் குறிக்க ஆரம்பித்தார். பொழுது போகட்டும் என்று மகள், அப்பா அம்மா இருவருக்கும் ஜோடியாக வாட்ச் வாங்கி, அவசர அவசரமாக இருவர் ஃபோனிலும் இணைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். எங்கே இருந்தாலும் துடிப்பு ஃபோனில் வந்து விழும். வாட்ச்சில் எழுத்து எறும்பு அளவு; அவர் பார்ப்பது ஃபோனை மட்டும்தான்.

பகலெல்லாம் எழுபது. மனைவி நூலகத்துக்குக் கிளம்பிய அரை மணியில் எண் ஏறும். அதைக் கண்டதும் அவருக்கு வியர்க்கும், விரல் மரக்கும், நெஞ்சில் யானை ஏறி உட்காரும், கூடவே அதன் குட்டியும். உடம்பு அவ்வளவு தளர்ந்துவிட்டது. பாட்டில் மூடியைக்கூட மனைவியிடம்தான் நீட்டுகிறார். அவள் ஒரே திருகில் திறந்துவிடுகிறாள்.

இன்று தாங்கவில்லை. மனைவியை ஃபோனில் கூப்பிட்டு, டாக்டரிடம் போவதையும் பீரோ சாவி இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டு ஓடினார். நான்காவது மாடியில் அவரை இறக்கிவிட்டதும் லிஃப்ட் உயிரை விட்டது. அதையும் நோட்டில் குறித்தார்.

டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "இதயம் ஜம்முனு இருக்கு சார். பயந்தா படபடப்பு வரும், படபடத்தா இன்னும் பயம் வரும், அவ்ளோதான். இப்போ எண்பத்திரண்டு."

"மீட்டர் பொய் சொல்லாதும்மா" என்று ஃபோனை நீட்டினார். 152.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். நாலு மாடி ஏறிய இரைப்போடு நாற்காலியில் விழுந்தாள். அவள் மூச்சு அடங்க அடங்க, ஃபோனில் எண் இறங்கியது. 140. 125. 108.

டாக்டரம்மா ஃபோனைப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் இருந்த ஜோடி வாட்ச்சைப் பார்த்தார். "சார், மீட்டர் சரிதான். பாய்லர்தான் வேற."

யானை குட்டியோடு இறங்கிப் போனது. ஆனால் பாய்லர்காரர் நோட்டைப் புரட்டினார். தினமும் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, நூற்று நாற்பதுக்குக் குறையவில்லை.

"லைப்ரரியில அப்படி என்ன படிக்கிறே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நூலகத்துக்கு மேல்மாடியில் குத்துச்சண்டை சொல்லித்தருகிறார்களாம். மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் விடாமல் குத்துகிறாளாம்.

"எப்போலேருந்து?"

"நீங்க ரிட்டயர் ஆன மறுநாள்லேருந்துங்க."