கயிற்றின் மேல் பொன்னாடை

ஒரு பழைய ஆங்கில இசைநாடகத்தை எடுத்து, பணக்காரர்களை நார்நாராகக் கிழித்து ஜெர்மனியில் எழுதிய நாடகம் அது. தமிழில் நான்தான் இயக்கினேன். கடைசிக் காட்சியில் கொள்ளைக்காரனின் கழுத்தில் தூக்குக்கயிறு விழும். உடனே அரசியின் தூதன் பொய்க்கால் குதிரையில் வந்து, அவனுக்கு மன்னிப்போடு ஒரு மாளிகையும் அறிவிப்பான். அதைப் பார்த்து முன்வரிசைப் பணக்காரர்கள் கூசிப்போக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

கொள்ளைக்காரனாக நடித்த அருமைநாதனின் கழுத்தில் கயிறு விழுந்ததும், சபா செயலாளர் என் தோளைச் சுரண்டினார். "சார், சீஃப் கெஸ்ட்டுக்கு இன்னொரு ஃபங்ஷன் இருக்காம். இப்பவே பொன்னாடை போட்டுட்டுக் கிளம்பிடுவார்."

"தூக்கு முடியட்டும்யா!" என்று பல்லைக் கடித்தேன்.

அதற்குள் மேடையேறிவிட்டார் சீஃப் கெஸ்ட், ஏரியைத் தூர்த்து நகர் போட்ட பொன்னுரங்கம். கயிற்றின் மேலேயே பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார். "என்னமா கொள்ளையடிக்கிறாரு இந்தத் தம்பி! நம்ம ஏரிக்கரை நகர்ல இவருக்கு ஒரு வீடு, இலவசமா!"

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. அருமைநாதன் கயிற்றோடு கும்பிட்டான்.

படுதாவுக்குப் பின்னால், இடுப்பில் குதிரையோடு நின்ற தூதன் என்னைப் பார்த்தான்.

"சார், நான் இன்னும் வரணுமா?"